ஒடுகத்தூர் சாலையில் திரும்பிய கம்பெனி பஸ்

காட்பாடியில் ரயில் மாறி ஆம்பூரில் இறங்கியபோது மதியம் இரண்டு மணி. நிலையத்துக்கு வெளியே பிரியாணி வாசனையும் தோல் வாடையும் ஒன்றாகவே வந்தன. தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் என்னை வரவழைத்தவர் நூர்ஜஹான். வேலூர் ஆஸ்பத்திரியில் என் அம்மாவும் அவர் அம்மாவும் பக்கத்துக் கட்டில்களில் இருந்தபோது பழக்கம். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அப்போது அவர் சொன்ன ஒரு சம்பவத்தை நான் முழுசாக நம்பவில்லை. "எங்க பஸ்ல ஒரு தபா வாங்க, அவங்களையே கேளுங்க" என்றார். வந்துவிட்டேன்.

மாலை ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ் கிளம்பியது. மாதனூர் வரை நெடுஞ்சாலை. அங்கே திரும்பினால் ஒடுகத்தூர் சாலை. பஸ் நிறையப் பெண்கள், மடியில் காலி டிபன் பாக்ஸ்கள். ஷூவின் மேல்பாகம் தைக்கும் செல்வியின் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார் நூர்ஜஹான். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.)

மூன்று வருடங்களுக்கு முன், ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த செல்வியின் மகளுக்குக் கல்யாணம் பேசினார் அவள் அப்பா. மாப்பிள்ளை, அவருடைய அக்கா மகன். செல்வி முடியாது என்று சண்டை போட்டிருக்கிறார். பேச்சு அத்தோடு நின்றது என்றே நினைத்திருக்கிறார்.

"அன்னைக்கி காலையில பஸ்ஸு மாதனூர் வரச்சொல்ல போன் அடிச்சுது. பொண்ணு அழுவுது. 'அம்மா, புடவை கட்டி கோயிலுக்கு இட்டும்போறாங்கம்மா'ன்னு. நான் வேலைக்கிப் போற நேரமாப் பாத்து ஏற்பாடு பண்ணிக்கிறாங்க. பஸ்ஸுலயே எந்திரிச்சு நின்னு கத்திட்டேன்."

"வண்டியத் திருப்புங்கண்ணான்னேன்" என்றார் நூர்ஜஹான். "வேலை போய்டும்மான்னாரு. சொல்லிக்கினே திருப்பிட்டாரு."

"திருப்பாமப் போயிருந்தா தெனமும் இதுங்க வாய்க்கு யார் பதில் சொல்றது?" என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்தபடி. பஸ்ஸே சிரித்தது.

வழியிலேயே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார்கள். வேலூரிலிருந்து அதிகாரிகள் வரும்வரை எப்படியாவது நிறுத்தி வையுங்கள் என்று பதில் வந்தது. கோயில் மண்டபத்துக்குள் புகுந்த பெண்கள் அத்தனை பேரும் மணமேடையில் அந்தப் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"உனக்கு இன்னாடி சம்பந்தம்னு மாப்ள வீட்டுக்காரங்க என்னைப் பாத்து கத்துனாங்க. 'அவங்கம்மா என் லைன்ல தைக்கிறா, அதான் சம்பந்தம்'னேன்" என்றார் நூர்ஜஹான்.

அதிகாரிகள் போலீசோடு வந்தார்கள். கல்யாணம் நின்றது. பதினெட்டு வயதாகும் முன் கல்யாணம் செய்யமாட்டேன் என்று குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் அப்பா எழுதிக்கொடுத்தார். மறுநாள் கம்பெனியில் எல்லோருக்கும் மெமோ. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு வாங்கினார்களாம்.

ஊர் வந்தபோது மணி ஆறே முக்கால். நர்சிங் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா. ஒரு வருடம் செல்வியோடு பேசாமல் இருந்த மனிதர், "ரெண்டாவது வருஷம் படிக்குதும்மா" என்று தானாகவே என்னிடம் சொன்னார்.

அன்று என்ன நினைத்தாய் என்று அவளைக் கேட்டேன்.

"ஹாரன் கேட்டுச்சுக்கா. அந்த நேரத்துல கம்பெனி பஸ்ஸு ஊருக்குள்ள வராது. அம்மா வந்துட்டாங்கன்னு தெரிஞ்சிச்சு. ஆனா எல்லாரும் எறங்குவாங்கன்னு நெனைக்கல."

இரவு செல்வி வீட்டில் தங்கினேன். காலையில் அதே பஸ். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண் நேராக நூர்ஜஹானிடம் வந்தார். "எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கா. ஒம்பதாவதுதான் படிக்குது. பொண்ணு பாக்க வந்துட்டுப் போய்க்கிறாங்க."

செல்விதான் முதலில் கேட்டார்: "எந்தத் தெரு?" நூர்ஜஹான் அதற்குள் போனை எடுத்திருந்தார்.

தூத்துக்குடியில் விடியற்காலையில் மீன் கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். வேலைக்குப் போகிறார்கள் என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஆம்பூரில் இறங்கி அவர்களுக்குக் கையசைத்தபோது, இவர்களோடு ஒரே பஸ்ஸில் வந்தேன் என்று ஊரில் யாரிடம் முதலில் சொல்லலாம் என்றுதான் மனசு துடித்தது.