பெயர் எழுதாத பரீட்சை

பள்ளிகளில் கேலியும் அடாவடியும் குறைந்துவிட்டதாக யாராவது ஆய்வுக் கணக்கு சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒரு கணக்கு எப்படித் தயாரானது என்று கிட்டே இருந்து பார்த்தவள் நான்.

அப்போது ஏழாம் வகுப்பு. நாங்குநேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத் திக்குவாய். வருகைப்பதிவில் அவள் முறை வந்தால் வகுப்பே "உ... உ... உள்ளேன் டீச்சர்" என்று பாடும். டீச்சர் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நானும் பாடியிருக்கிறேன், நல்ல சத்தமாகவே.

ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் இருவர் வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். உன்னை யாராவது கேலி செய்கிறார்களா, பள்ளிக்கு வரப் பயமாக இருக்கிறதா என்று இருபது கேள்விகள். ஆம், இல்லை என்று கட்டங்கள். பென்சிலால் குறிக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாதாம். கொடுத்த கையோடு அவர்கள் ஹெட்மாஸ்டர் அறைக்குக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதா, டீச்சரைச் சொல்வதா?

"நல்ல பிள்ளையளுக்கு எதுல டிக் போடணும்னு தெரியும்லா? பள்ளிக்கூடத்து மானம் போயிரக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேள்வி அச்சடித்த தாள் என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் மார்க். அதற்கு மேல் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. பெயரில்லாத தாளுக்கு எப்படி மார்க் போடுவார்கள் என்ற கவலையில் மூலையில் என் பெயரைப் பொடியாக எழுதிவைத்தேன். இருபதுக்கும் ‘இல்லை’.

வகுப்புத் தலைவி என்பதால் தாள்களை வாங்கியதும் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்தவளின் தாளில் வரிசையாக ‘ஆம்’.

"ஏட்டி, எல்லாத்தையும் தப்பாப் போட்டுருக்கே!"

"த... தப்பில்ல. அ... அப்படியே குடு."

"கூமுட்டை, பெயிலாயிருவட்டி."

அவள் தாளைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. இருபதையும் ரப்பரால் அழித்து ‘இல்லை’யில் குறித்தேன். அவளுக்கு இவ்வளவு பெரிய உபகாரம் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று பெருமையாக இருந்தது.

சில வாரம் கழித்து, காலைப் பிரேயரில் ஹெட்மாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக அறிவித்தார். நம் பள்ளியில் கேலி என்பதே இல்லை என்று ஆய்வில் தெரிந்துவிட்டதாம். ஆகவே, பிள்ளைகளின் குறை கேட்க வாரம் ஒருமுறை வருவதாக இருந்த ஆலோசகர் அம்மாவை, தேவையுள்ள வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

மைதானமே கைதட்டியது. அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தட்டுட்டி, பாஸாயிட்டோம்லா!" என்று முழங்கையால் இடித்தேன்.

அவள் தட்டவில்லை. வாய்தான் திக்கும், கையுமா திக்கும் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.