டயர்க்காரர் என் செருப்பைத் துடைத்த நாள்

எங்கள் தெருவில் டயர்க்காரர் என்றால் அந்தச் சீக்கியர் ஒருவர்தான். ஆறடி உயரம், நெஞ்சு வரை தாடி, கிரீஸ் படாத நீலத் தலைப்பாகை, கையில் இரும்புக் காப்பு. லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டுவார். கோபம் வந்தால் காற்றடிக்கும் மெஷினையும் தாண்டி அவர் குரல் கேட்கும். அவர் கடை வாசலின் ஓரத்தில்தான் பதினொரு வருஷமாக நான் செருப்புத் தைக்கிறேன்.

அந்த இடத்துக்கு நானே வேட்டு வைத்துக்கொண்டேன். அவர் கடை மூலையில் கிடந்த டயரைப் பழசு என்று நினைத்து, எனக்கு ஒரு ஜோடிச் செருப்புக்கு அடி வெட்டிவிட்டேன். அது ஒரு லாரி முதலாளி பஞ்சர் ஒட்டக் கொடுத்தது.

"நல்ல டயர் எது, செத்த டயர் எதுன்னு தெரியாதா உனக்கு? திங்கக்கிழமை உன் பெட்டி இங்க இருக்கக் கூடாது!"

வீட்டில் சொன்னேன். "போய் மன்னிப்புக் கேளுங்க" என்றாள் மனைவி.

"அடிப்பாரு."

"ஞாயித்துக்கிழமை அவங்க குருத்வாராவுக்குப் போய்க் கேளுங்க. சாமி முன்னாடி அடிக்க மாட்டாருல்ல?"

அவளுக்கு மூளை அதிகம். எனக்கு எவ்வளவு என்று பாருங்கள்: நல்ல இடத்துக்குப் போகிறோமே என்று அந்தப் புதுச் செருப்பையே போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் செருப்பு வாங்கி வைக்கும் இடம். உள்ளே ஒரு துணியோடு குனிந்திருந்தது சாட்சாத் டயர்க்காரர். திரும்பி ஓடலாம் என்றால் பின்னால் வரிசை. செருப்பை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். அடியில் டயரின் வரிப் பள்ளங்கள் அச்சு அசலாக இருந்தன.

பெருமூச்சு விட்டார். பிறகு துணியால் அதைத் துடைத்தார். பதினொரு வருஷமாக ஊரார் செருப்பையெல்லாம் நான் தொட்டிருக்கிறேன். என் செருப்பை இன்னொருவர் துடைத்து அன்றுதான் பார்த்தேன். உள்ளே போகிற எல்லோரும் தலையை மூடியிருந்தார்கள்; நானும் மூடச் சட்டைப் பையிலிருந்து பாலிஷ் துணியை எடுத்தேன்.

"அத உள்ள வை. மானத்த வாங்காத" என்று ஒரு கைக்குட்டையும் டோக்கனும் கொடுத்தார்.

யார் வந்தாலும் சாப்பாடு போடுவார்களாம்; அந்தக் கூடத்தில் எல்லோரும் தரையில்தான். கொஞ்ச நேரத்தில் டயர்க்காரரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டயர் கொடுத்த அந்த லாரி முதலாளியே வாளியோடு வந்து பருப்பு ஊற்றினார். அவருக்கு என்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் தலையில் ஊற்றியிருப்பார்.

"ஏண்ணே, கடை முதலாளி நீங்க. போயும் போயும் செருப்புத் தொடைக்கிறீங்களே?"

"ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி நானக்னு ஒருத்தர். எங்க முதல் குரு. கடவுள் ஒண்ணு, மனுஷன்ல மேல கீழ இல்லன்னாரு. உழைச்சுச் சாப்பிடு, இருக்கிறதப் பங்கு போடு, கடவுள மறக்காதன்னாரு. அவரோட சேத்துப் பத்து குரு. பத்தாவது குரு, இனிமே ஆளு யாரும் குரு இல்ல, நம்ம வேதப் புத்தகம்தான் குருன்னுட்டாரு. முடி வெட்டாம, காப்பு போட்டு நிக்கிறதும் அவர் சொல்லித்தான். செருப்புத் தொடைச்சா உள்ள இருக்கிற திமிரு கொறையும்."

"உங்களுக்குத் தொடைக்க இன்னும் நெறைய ஜோடி வேணும்ணே."

முறைத்தார். தாடிக்குள் ஏதோ அசைந்தது.

"அந்தப் புத்தகத்துல செருப்புத் தைச்ச ஒருத்தர் பாடின பாட்டும் இருக்கு. தெனமும் அதுக்கு முன்னாடி நெத்தி தரையில படக் கும்பிடுறோம்."

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன். என் தொழிலுக்கு இதுவரை வசவுதான் கிடைத்திருக்கிறது, அதுவும் சொன்ன தேதிக்குத் தராததால்.

"தப்புதாண்ணே. கேக்காம வெட்டிட்டேன். மன்னிச்சிருங்க."

"சாப்பிடு. வீணாக்காத."

அவ்வளவுதான். பெட்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தபடியே கையைக் கழுவினேன். நான் வாசலுக்கு வருவதற்குள் அவர் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். டோக்கனைக் கொடுத்தேன். செருப்பை எடுத்து, அடியை விரலால் தட்டினார்.

"எத்தன வருஷம் ஓடும்?"

"நாலு வருஷத்துக்குக் கவலையில்லண்ணே."

"லாரிக்காரருக்கு வேற டயர் மாட்டிக் கொடுத்துட்டேன். நீ கொதறின டயர்ல மீதி கெடக்கு. எனக்கு ஒரு ஜோடி தை. நாளைக்குக் காலையில அளவெடு."

"நாளைக்குத் திங்கக்கிழமைண்ணே…"

"தெரியும். சீக்கிரம் வந்து உன் பெட்டியத் திற. பின்னாடி ஆளு நிக்குது, நகரு."