எண்ணெய்க்காரன் கட்டிய மான் பரண்

குற்றாலத்துக்கு வருகிற பெரிய மனிதர்களை எனக்கு முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும். எதிரே வந்து நின்றால் இன்னார் என்று சொல்லத் தடுமாறுவேன். துண்டை விலக்கிக் குப்புறப் படுத்துவிட்டால் போதும். எந்த ஊர்க்காரர், போன சாரல் காலத்தில் எந்த இடத்தில் பிடிப்பு இருந்தது என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன்.

எங்களுக்குப் பூர்வீகம் கீழப்பாவூர். குடும்பமே வயல் வேலை பார்த்தது. என்னால்தான் முடியவில்லை. எனக்குத் தட்டைப் பாதம், அதற்குப் பொருத்தமில்லாத கனத்த உடம்பு. சேற்றில் கால் புதைந்தால் இரண்டு பேர் வந்து பிடுங்க வேண்டும். நாற்று நடக் குனிந்தால் நிமிர வராது. குனிந்தால் நிமிர முடியாதவனுக்குக் குனிந்தே செய்கிற வேலைதான் சரி என்று என் தாய்மாமன் முடிவு செய்து, அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்களிடம் என்னைச் சேர்த்துவிட்டார். அந்த வேலை எனக்குப் பிடித்தது. நல்லெண்ணெயில் வெட்டிவேரும் கருஞ்சீரகமும் இன்னும் சில வேரும் போட்டு வீட்டிலேயே காய்ச்சுவேன். செல்லச்சாமி கை பட்டால் தூக்கம் வரும் என்று பெயர் வாங்கினேன்.

ஆனால் எல்லாரும் தூங்கிவிடுவதில்லை. எண்ணெய் சூடாக முதுகில் இறங்கும்போது சிலர் பேச ஆரம்பிப்பார்கள். வக்கீல்கள் வழக்கைப் பற்றிப் பேசுவார்கள், வயதானவர்கள் மருமகனைப் பற்றிப் பேசுவார்கள். துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு வேட்டையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஒவ்வொரு சாரலுக்கும் வருகிற ஒரு ஜமீன்தார், இடுப்பைப் பிடித்துவிடும்போது சிறுத்தைக் கதையும் தோளுக்கு வரும்போது மிளாக் கதையும் சொல்வார். காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும், பரண் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்தே நான் வேட்டைக்காரன் ஆகிவிட்டேன். துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கிற சந்தர்ப்பம் மட்டும்தான் வாய்க்கவில்லை.

சாரல் முடிந்தால் எண்ணெய்க்காரனுக்கு வேலை இல்லை. அதனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், பண்பொழி மலையடிவாரத்தில் ஒரு மடத்துப் புஞ்சையை மூன்று பேராகச் சேர்ந்து குத்தகைக்குப் பிடித்தோம். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் பீர் மைதீன். செங்கோட்டையில் புளி வியாபாரம் செய்தவர், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். இன்னொருத்தி முப்பிடாதியம்மாள். எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவள், புருஷனை இழந்தவள். ஓர் ஏர் மாடும் உழத் தெரிந்த கையும் எங்கள் மூவரில் அவளிடம் மட்டும்தான் இருந்தன. நிலத்தை மூன்று நீளப் பட்டையாகப் பிரித்துக்கொண்டோம். மேற்கு ஓரம் மலையைத் தொடும், கிழக்கு ஓரம் வண்டித் தடத்தைத் தொடும்.

முதல் வருஷம் நிலக்கடலை போட்டோம். மிளாக்கள் தின்றுவிட்டுப் போயின. மிளாவும் மான்தான், ஆனால் புள்ளிமான் மாதிரித் துள்ளி ஓடுகிற சின்ன உருப்படி அல்ல. உழவு மாட்டின் உயரம் நிற்கும். ஒன்று இறங்கினாலே ஒரு பாத்தி போய்விடும். எங்களுக்கு மிஞ்சியதை மூவரும் சேர்ந்து அவித்துத் தின்றோம்.

மறுவருஷம் ஆவணியில் முப்பிடாதியம்மாள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து யோசனை செய்தோம். அவள் முள்வேலி போடலாம் என்றாள். பீர் மைதீன் தன் தகப்பனார் காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி லைசென்ஸோடு வீட்டில் தூங்குவதாகச் சொன்னார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பரண் கட்டாமல் துப்பாக்கியால் பிரயோஜனம் இல்லை என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னை ஒருவர் அப்படிப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அந்தப் பார்வைக்காகவே ஜமீன்தார் சொன்ன அத்தனையையும் ஒப்பித்தேன்.

மறுநாள் மூவரும் நிலத்துக்குப் போனோம். காற்று நம் முகத்தில் அடிக்கிற பக்கம் பார்த்து உட்கார வேண்டும், அப்போதுதான் நம் வாடை மிருகத்துக்குப் போகாது என்று விளக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். மலையிலிருந்து மேல்காற்று முகத்தில் வந்து மோதியது. மிளா வருவதும் மலையிலிருந்துதான். ஆகவே கிழக்கு ஓரத்தில், மேற்கே பார்த்துப் பரண் என்று தீர்ப்புச் சொன்னேன்.

அடுத்த தகராறு, பரணின் கால்களை யார் பங்கில் ஊன்றுவது என்பது. ஒரு கால் நட்டால் நாலு செடிக்கு இடம் போய்விடும். தடத்தோரம் நிலம் குறுகி மூன்று பங்கும் நெருங்கி வருவதால், பங்குக்கு ஒரு கால் என்று மூன்று கால் தீர்ந்தது. நான்காவது காலை ஏற்க யாருக்கும் மனசில்லை. யோசனை சொன்னவன் ஏற்கட்டும் என்றார் பீர் மைதீன். துப்பாக்கிக்காரர் ஏற்கட்டும் என்றேன் நான். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்து, கடைசியில் முப்பிடாதியம்மாள் தன் பங்கு ஓரத்தில் நின்ற உசிலை மரத்தைக் காட்டினாள். மரம் மடத்துக்குச் சொந்தம். அதையே நான்காவது காலாக வைத்துக்கொண்டோம். மடமும் எங்களோடு வேட்டையில் சேர்ந்துவிட்டது என்று பீர் மைதீன் சிரித்தார்.

பரண் கட்டுவதில் நான் என்னை மறந்தேன். மூங்கில் தளம் போதும் என்றார்கள். எனக்கு உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்று அதன்மேல் வைக்கோல் பரப்பினேன். முதுகு சாயத் தட்டி கட்டினேன். தூறலுக்குப் பனையோலைக் கூரை போட்டேன். மிளா நம்மைப் பார்க்காதபடி மூன்று பக்கமும் ஓலை மறைப்பு வைத்து, நாம் அதைப் பார்க்க ஒரு சன்னலும் வெட்டினேன். தண்ணீர்ப் பானைக்கு உறி தொங்கவிட்டேன். ஏணியில் நான் ஏறும்போது இரண்டு படி ஒடிந்ததால் என் கனத்துக்குத் தகுந்த படிகள் வைத்தேன். ஒருநாள் களை பார்க்க வந்த முப்பிடாதியம்மாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏலே, மிளா பாக்கதுக்குக் கட்டுதியா, மறுவீட்டுக்கு யாரையும் கூப்பிட்டிருக்கியா?" என்று கேட்டாள்.

எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

ஐப்பசி மழை பெய்து கடலைச் செடி தழைத்தது. கார்த்திகையில் மிளாக்களும் வந்தன. பீர் மைதீன் தனியாகப் பரணில் இருந்த நாட்களில் அவை மலையோரத்தில், துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் நின்று மேய்ந்துவிட்டுப் போயின. கிட்டே வந்தால் ஒரே குண்டில் மிளா விழுந்துவிடும் என்று அவர் நம்பினார். அவருக்குத் துணையாக நான் போக ஆரம்பித்தேன். அன்றிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. பொழுது சாயும் முன் போய் உட்காருவோம், விடியும் முன்பும் போய் உட்காருவோம். அணிலைக்கூடக் காணவில்லை. மிளா அறிவுள்ள மிருகம், நல்ல வேட்டைக்காரன் இருப்பதை உணர்ந்துகொள்ளும் என்று பீர் மைதீனுக்கு நான் விளக்கம் கொடுத்தேன். அவரும் தலையாட்டினார்.

இடையில் எனக்குக் காய்ச்சல் வந்து வாரம் முழுக்க வீட்டில் கிடந்தேன். அந்த வாரம் மிளாக்கள் வந்து முக்கால்வாசி என் பங்கிலேயே மேய்ந்தன. எழுந்து போய்ப் பார்த்தபோது முப்பிடாதியம்மாள் என் பாத்தியில் நின்று, தலையைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தாள். நான் கிழக்கே, தடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"செல்லச்சாமி, நீ அங்கன நிக்க. ஒன் எண்ணெ வாடை இங்கன வரைக்கும் அடிக்கு. காத்து திரும்பி ஒரு மாசம் ஆவுதுலே."

அப்போதுதான் என் முதுகில் காற்று படுவதை உணர்ந்தேன். ஆவணியில் மலையிலிருந்து அடித்த மேல்காற்று போய், ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்துவிட்டது. வருஷா வருஷம் நடப்பதுதான். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஜமீன்தார் எனக்குப் பாடம் நடத்தியது ஆனி, ஆடி மாதங்களில். எனக்கு வேட்டைக்காற்று என்றாலே மேல்காற்றுதான். பரணில் நான் ஏறியதும், வருஷக்கணக்காக என் தோலுக்குள் இறங்கிய நல்லெண்ணெயும் வெட்டிவேரும் நேராக மலைக்குப் போய், செல்லச்சாமி வந்துவிட்டான் என்று சொல்லியிருக்கின்றன.

முப்பிடாதியம்மாளுக்கு இதில் வருத்தமே இல்லை. சந்தோஷம்தான். நான் தினமும் பரணில் வந்து சும்மா உட்கார்ந்தால் போதும், துப்பாக்கியும் வேண்டாம், வேலியும் வேண்டாம், கடலை தப்பிவிடும் என்றாள். யோசித்துப் பார்த்தால் அது சரியான யோசனை. அன்று நான் யோசிக்கவில்லை. வயலில் வைக்கிற சோளக்கொல்லைப் பொம்மையாக என்னை ஆக்கிவிட்டாளே என்று மனம் கொதித்தது. எப்படியும் ஒரு மிளாவை விழத் தட்டிக் காட்டுவது என்று தீர்மானித்தேன்.

எண்ணெய் காய்ச்சுவதை நிறுத்தினேன். சீயக்காய் போட்டுக் குளித்தேன், அரப்புப் போட்டுக் குளித்தேன், சாம்பலைத் தேய்த்துக் குளித்தேன். கட்டியிருந்த வேட்டியைப் புதைத்துவிட்டுப் புதுவேட்டியைச் செம்மண்ணில் புரட்டிக் கட்டினேன். என் மனைவி மாடத்தி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சோறு வைக்கும்போது சொன்னாள்:

"கல்யாணம் முடிச்சு இன்னைக்குத்தான் ஒங்க மேல எண்ணெ மணம் இல்ல. வேற யாருக்கோ சோறு போடுத மாதிரி இருக்கு."

மார்கழியில் ஒரு விடியற்காலை, நானும் பீர் மைதீனும் பரணில் ஏறி உட்கார்ந்தோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வரும் நேரத்தில் மலையோரத்தில் ஒரு கிடா மிளா இறங்கியது. கொம்பு பெரிய கொம்பு. அது தயங்காமல் செடிகளை ஊடறுத்து எங்களை நோக்கி நடந்து வந்தது. பீர் மைதீன் குறிபார்த்தார். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று சைகை காட்டினேன். அது வந்தது. தூறல் வலுத்து மழையானதும், மிளா நடையை எட்டிப் போட்டு, சன்னலுக்குக் கீழே மறைந்துவிட்டது.

"மச்சான், எங்க போச்சு?" என்று பீர் மைதீன் காதோடு கேட்டார்.

வைக்கோல் விரலளவு விலகியிருந்த மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மிளா எங்களுக்கு நேர் கீழே, என் கூரையின் நிழலில், மழைக்கு ஒதுங்கி நின்றது. அசைபோடத் தொடங்கியிருந்தது. பரணிலிருந்து சுட முடியாத இடம் ஒன்று உண்டு என்று எந்தப் பெரிய மனிதரும் எனக்குச் சொன்னதில்லை. சன்னல் வழியாகக் குழலை நீட்டினால் வயல்தான் தெரிந்தது. தளத்தைத் துளைக்கலாம் என்றால் நான் பரப்பிய வைக்கோலை விலக்க வேண்டும். விலக்கினால் சத்தம் கேட்கும். அது எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்லும்படி பீர் மைதீன் சைகை காட்டினார். நான் முழங்காலிட்டு, ஓலை மறைப்பின்மேல் கையை ஊன்றிக் குனிந்தேன். குனிந்தால் நிமிர வராது என்றேன் அல்லவா? மறைப்பு என்னோடு வந்தது.

விழுந்தது, சத்தம் கேட்டு வெளியே அடியெடுத்து வைத்த மிளாவின் முதுகில். இரண்டு கையும் பிடரிக்கு அருகே பட்டு, ஈரமான சொரசொரப்பான மயிரின் மேல் வால் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயின. பழக்க தோஷத்தில் விரலை அழுத்தியும் இருப்பேன். அது ஒரு உலுக்கு உலுக்கியது. அடுத்து நான் தரையில் கிடந்தேன், மிளா மலையில் இருந்தது. மேலே துப்பாக்கி வெடித்தது. அந்தப் பரணிலிருந்து வெடித்த ஒரே குண்டு கூரையைத் துளைத்துக்கொண்டு வானத்துக்குப் போனது.

என் வலது முன்கை ஒடிந்திருந்தது. பீர் மைதீன் அழுதுகொண்டே என்னை வண்டியில் ஏற்றிப் பண்பொழியில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோனார். வலியைவிட, எண்ணெய்க்காரனுக்குக் கை போனால் என்ன மிச்சம் என்ற நினைப்புத்தான் என்னைத் தின்றது. தையில் முப்பிடாதியம்மாளே என் பங்குக் கடலையையும் பறித்து, ஆய்ந்து, மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பினாள். சோளக்கொல்லைப் பொம்மை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கை கூடிவிட்டது. ஆனி மாதம் அருவிக்கரைக்குப் போனபோது, தென்காசிச் சந்தை முழுக்கப் பீர் மைதீன் கதையைப் பரப்பியிருந்தது தெரிந்தது. அவர் சொன்ன கதையில் நான் பரணிலிருந்து பாய்ந்து மிளாவைக் கொம்பைப் பிடித்து அடக்கியிருந்தேன். ஜமீன்தார் குப்புறப் படுத்துக்கொண்டு அதைப் பற்றிக் கேட்டார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காற்றிலிருந்து கூரை ஓட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கொண்டுவந்து இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"நானும் ஒரு தடவை பரண்லேருந்து விழுந்திருக்கேன்டா," என்றார். "இந்த இடுப்பு வலி அதுலே வந்ததுதான்."

நான் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் விட்டுத் தேய்த்தேன்.

அந்த வருஷம் பரணைப் பிரித்து, மூங்கிலை மூவரும் பங்கு போட்டுக்கொண்டோம். மிளா தின்னாத பயிராகப் போடுவோம் என்று முப்பிடாதியம்மாள் மிளகாய் நட்டாள். மிளா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மிளகாய் பழுக்கிற சமயத்தில் மயில்கள் வந்து கொத்த ஆரம்பித்தன. பீர் மைதீன் துப்பாக்கியைத் துடைக்கத் தொடங்கினார். மலைமேல் குமாரசாமி கோயில் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு அவர் வாகனத்தையா சுடப் போகிறீர்கள் என்று முப்பிடாதியம்மாள் கேட்கவும், கீழே வைத்துவிட்டார்.

பிறகு, மயிலுக்கு என்ன செய்யலாம் என்று என் பக்கம் திரும்பினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது மச்சான்," என்றேன்.

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் இரண்டு மயில்கள் பாத்திக்குள் இறங்கிவிட்டன. கையைத் தட்டிக்கொண்டு மூவரும் எழுந்து ஓடினோம். நான்தான் கடைசியில் போய்ச் சேர்ந்தேன்.