கதவோரம் இருந்த அரிசிப் பை

எங்கள் அத்தாவுக்கு மறதி அதிகம். ஒருமுறை என்னையே மளிகைக் கடையில் விட்டுவிட்டு, சாமானோடு வீடு வந்து சேர்ந்தவர். அதனால் அந்த ரம்ஜான் காலையில் கதவோரம் அரிசிப் பையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஃபித்ரா அரிசியை மறந்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்!

பெருநாள் தொழுகை தொடங்குவதற்குள், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குமான அரிசி ஓர் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். தொட்டிலில் கிடந்த தம்பிக்கும் சேர்த்துத்தான். வருடாவருடம் அடுத்த சந்து மாமிக்குக் கொடுப்போம். கணவரை இழந்து மகளோடு இருந்தவர். அத்தாவின் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போகும்போது எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம் கருமத்தம்பட்டியில் கூலிப் பிரச்சினையால் தறிகள் மாதக்கணக்கில் ஓடவில்லை. அத்தா தறி ஓட்டுபவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் எட்டு வயது போதவில்லை. புதுத்துணி இல்லை என்று அழ மட்டும் தெரிந்தது.

பை வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது. அதையும் அத்தாவின் மறதியில் சேர்த்துக்கொண்டேன். அம்மா தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தக்பீர் முழக்கம் கேட்டது; தொழுகை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். பையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாமி பையின் வாயைக் கட்டியிருந்த பச்சை நூலையே பார்த்தார்.

"அத்தா குடுத்துட்டு வரச் சொன்னாங்களா கண்ணு?"

"ஆமாங்க மாமி" என்று கூசாமல் புளுகினேன்.

சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். "ரொம்பச் சந்தோசமுங்க அம்மணி. அத்தாகிட்டச் சொல்லிப்போடு" என்று வாங்கிக்கொண்டார்.

வீட்டில் பெருமையாகச் சொன்னதும் அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ எங்களுக்காக வைத்துவிட்டுப் போன அரிசி அது, அதை நம்பித்தான் உலை வைத்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தொழுதுவிட்டு வந்த அத்தாவும் திட்டவில்லை. "உட்டுத்தள்ளு. போன வருசமாட்டவே நாமளும் குடுத்தாச்சு" என்றார்.

மதியம் மாமியும் மகளும் பெரிய தேக்சாவில் நெய்ச்சோறு தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஏனுங்க, நீங்க குடுத்தனுப்புன அரிசிதானுங்க. எங்க ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தன? ஒண்ணா உக்காந்து சாப்பிடலாமுங்க." அத்தா நிமிர்ந்து நின்று அவர்களை வரவேற்றார். என்னால்தானே இந்த விருந்து என்று நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் மாமியின் மகள் சொன்னாள். அவள் மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. அதுவரை வாங்கியே பழகிய மாமி, வாழ்நாளில் முதன்முதலாக ஃபித்ரா கொடுத்தார். இரண்டு பேருக்கான அரிசியைத் தன் கையாலேயே பச்சை நூலால் கட்டி, விடியுமுன் எங்கள் கதவோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இது நான் வெச்சது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று அத்தாவால் அப்படி நிமிர்ந்திருக்க முடியாது. இன்று வரை அதை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் அன்று நான் மாமிக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. தன் அரிசியைத் தானே வாங்கிக்கொண்டு, அவர்தான் எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார்.