அணுக் கொள்கலத்தில் கற்பிட்டி வெங்காயம்

பாவித்து முடித்த அணு எரிபொருள் இலேசில் ஆறாது. வருடக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கொங்கிரீட் கொள்கலத்தில் அடைத்து, காற்றோட விட்டு வைப்பார்கள். நடுவில் எவ்வளவு சூடு ஏறும், ஆபத்தா இல்லையா என்று கணக்கிடும் மென்பொருளைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. கம்பனி வெளிநாட்டில், நான் கற்பிட்டியில். மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவோம் என்றிருந்தார்கள். கடைசி அறிக்கை மட்டும் மிச்சம்.

அந்த வாரம்தான் என் நானா, மூத்த சகோதரர், வந்து கதிரையை இழுத்துப் போட்டார். அவர் வெங்காயப் பயிர் செய்கிறவர்.

"வெங்காயத்தையும் குவிச்சு வெச்சா நடுவுல சுட்டு அழுகுது. ஒருக்கா நம்மட கொட்டிலயும் போட்டுப் பாருங்களேன் தங்கச்சி."

"இது அணுவுக்கு நானா."

"ஏன், வெங்காயம் அதவிடக் கேவலமா?"

அவர் கோபித்தால் ஒரு மாதம் கதைக்க மாட்டார். கொட்டிலின் நீளம், அகலம், பலகைக்குக் கீழே காற்று வரும் இடைவெளி எல்லாவற்றையும் கொடுத்தேன். உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில் 'கற்பிட்டி வெங்காயம்' என்று அடித்தேன். மென்பொருள் நெடுநேரம் யோசித்து, நூறு வருடத்துக்குப் பாதுகாப்பு என்றது. நானா மார்பை நிமிர்த்திக்கொண்டு போனார். அணுக்காரர்களே தன் வெங்காயத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று மாலை அஸர் தொழுகைக்குள் கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கணினித் திரையில் நாலு பேர் என் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கற்பிட்டி என்பது எந்த வகை எரிபொருள், எங்கள் பட்டியலில் இல்லையே என்று மரியாதையாகக் கேட்டார்.

அறிக்கைக்குப் பதில் நானாவின் கொட்டில் கோப்பை மாறி அனுப்பியிருக்கிறேன். பொய் சொல்லவும் வாய் வரவில்லை. அது ஊர், உள்ளே இருப்பது வெங்காயம் என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. இதற்கு மென்பொருள் ஒன்றும் சொல்லவில்லையா என்று தலைவர் கேட்டார். நூறு வருடம் தாங்கும் என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அடுத்த வாரம் அந்த மென்பொருளை ஓர் அணுமின் நிலையத்துக்குக் கொடுக்க இருந்தார்களாம். மூன்று மாதமாக எல்லோரும் சரியானதையே போட்டுப் பார்த்திருக்கிறோம், நானும்தான். அசட்டுத்தனமாக ஒன்றைப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பிழை என்னால் வெளியே வந்ததால் வேலை நிரந்தரமானது. அழுகை வரும் அளவுக்குச் சந்தோசம். முதல் பணியும் அப்போதே தந்தார்கள்: இனிமேல் வெங்காயத்தைக் கண்டால் மென்பொருள் உள்ளே விடக்கூடாது.

இதை நானாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.