ஜெபராஜுக்கு நான் போட்ட ஒற்றை ஸ்டார்

ஜெபராஜ் போய்விட்டார். இன்று காலை... மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

செய்தி வந்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? ப்ளே ஸ்டோரைத் திறந்து அவருடைய ஆப்பின் ரேட்டிங்கைப் பார்த்தேன். இன்னும் என்னுடையதைவிட மேலேதான் இருந்தது.

அப்படிப்பட்ட ஆள்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஐ.டி. பிரிவில் எனக்கும் ஜெபாவுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம். அம்மா இங்கே பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு வந்ததால் இந்த ஊர்க்காரர் ஆனவர்.

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆப் செய்து விற்கலாம் என்று முதலில் கிளம்பியது நான். ஆறு மாதம் கழித்து அவரும் கிளம்பினார். எனக்கு அதிலேயே எரிச்சல்.

அதைவிட எரிச்சல், இரண்டு பேருக்கும் ஒரே யோசனை. தையல் மெஷின் நின்றுபோனால் டெய்லர் எழுந்து மெக்கானிக்கைத் தேடி ஃப்ளோர் முழுக்க அலைய வேண்டும். அதற்கு ஒரு ஆப்.

ஒரு கம்பெனியில் இரண்டு பேரையும் ஒரே நாளில் டெமோவுக்குக் கூப்பிட்டார்கள். என்னுடையதில் லாகின், மெஷின் நம்பர், பன்னிரண்டு வகைக் கோளாறு, முதலாளி பார்க்க அழகழகாக கிராஃப். ஜெபாவுடையதில் ஒரு சிவப்பு பட்டன். அவ்வளவுதான். அமுக்கிப் பேசினால் மெக்கானிக்கின் போனில் அந்தக் குரல் கேட்கும்.

தையல் லைனில் இருந்த ஓர் ஒடிசாப் பெண் அமுக்கி இந்தியில் ஏதோ சொன்னாள். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரோடு ஓடி வந்தார். லைன் முழுக்கச் சிரிப்பு.

முதலாளி என்னிடம் மெதுவாகச் சொன்னார், "உங்களுது பாக்கறதுக்கு ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா இத்தன கட்டத்தையும் நெரப்பறதுக்குள்ள ஷிப்ட்டே முடிஞ்சுருமுங்களே."

பைக்கை எடுக்கும்போது ஜெபா வந்து, "டீ குடிப்பமா அண்ணாச்சி?" என்றார்.

"இல்லீங்க ஜெபா, வேலை கெடக்குதுங்க."

ஒரு வேலையும் இல்லை.

அப்புறம் அவருடைய ஆப் கம்பெனி கம்பெனியாக ஏறியது. நான் டெமோவுக்குப் போன இடத்திலெல்லாம், "அந்தச் செவப்பு பட்டனு எங்ககிட்ட இருக்குதுங்களே" என்றார்கள்.

ஒரு நாள் 'குமார்' என்று ஒரு போலிக் கணக்கு தொடங்கினேன். ஒற்றை ஸ்டார். 'வேஸ்ட் ஆப். பழைய போனில் நின்றுவிடுகிறது.' முழுப் பொய். பழைய போனில் நான் போட்டுப் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஜெபா என் ஆபீஸ் வாசலில் நின்றார். மாட்டிக்கொண்டேன் என்று லேப்டாப்பை மூடினேன்.

"குமாருன்னு ஒருத்தர் ஒத்த ஸ்டார் போட்டுருக்காரு அண்ணாச்சி. எந்த போனுன்னு கேட்டா பதிலே இல்ல. உங்ககிட்ட டெஸ்ட்டிங்குக்குப் பழைய போனு கெடக்கும்லா? ரெண்டு நாளைக்குத் தாங்க."

மூன்று போன் கொடுத்தேன். ஒன்றில் நிஜமாகவே நின்றது!

சரிசெய்து அப்டேட் விட்டார். அதில் ஒரு வரி... 'பிழையைச் சொன்ன குமாருக்கு நன்றி.'

நான் பொய் சொன்னால்கூட அதுவும் அவருக்கே நல்லதாக முடிகிறதே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குமார் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரியாது. நான் கேட்கவும் இல்லை, அந்த ஸ்டாரை எடுக்கவும் இல்லை.

இன்று மத்தியானம் ஜெபா வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்களப் பத்தித்தான் எப்பவும் பேச்சு அண்ணாச்சி. 'அவரு டிசைனப் பாரு, என்னா அழகு, எனக்கு அப்பிடி வரவே மாட்டேங்கு'ன்னு உங்க ஆப்ப எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருப்பாக."

அவருக்கும் பொறாமை இருந்திருக்கிறது. என் மேல்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் அழுகை வந்தது. நிற்கவே இல்லை.

நாளை காலை அடக்கம். பெட்டியைத் தூக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன்.

போய்ட்டு வாங்க, ஜெபா...