பச்சை டிக்

ஆப்பில் எந்த பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. ஆபீஸ் தரமணியில், வீடு அடையாறில். மயிலாப்பூர் பிளாட்டில் அப்பா தனியாக இருந்தார்.

தனியாக வாழும் முதியவர்களுக்காக ஓர் ஆப் செய்தோம். காலை ஏழு மணிக்கு "நலமா?" என்று கேட்கும். பெரியவர் பட்டனை அழுத்தினால் பிள்ளைகளின் போனுக்குப் பச்சை டிக் போகும், இல்லையென்றால் சிவப்பு. எங்கள் தொழிலில் கற்பனையாக ஒரு பயனரை உருவாக்கி, அவர் வயது, குணம் எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். பெர்சோனா என்று பெயர். எனக்குச் சோம்பல், அப்பாவையே எழுதி ஒட்டிவிட்டேன். வயது எழுபத்தாறு, தொந்தரவு பிடிக்காது.

சோதித்துப் பார்க்கவும் அவரே கிடைத்தார். ஒரே வாரத்தில் அலுத்துக்கொண்டார். "தினம் கார்த்தால உயிரோட இருக்கியான்னு கேக்கறதுடி இது! எமன்கூட ஒரு தடவைதான் வருவான்."

மீட்டிங்கில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். பயனரை நிறுத்தி வைக்கும் எதையும் ஃப்ரிக்‌ஷன் என்போம். கண்ணில் பட்டால் எடுத்துவிட வேண்டும். நான் கேள்வியையே எடுத்துவிட்டேன். "உடம்பு சரியில்லை" என்ற ஒரு பட்டன் மட்டும் போதும், பெரியவர் அதை அழுத்தாவிட்டால் நலம், ஏழு மணிக்குத் தானாகவே பச்சை டிக் போகும் என்று வைத்தேன். கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

மாற்றம் வந்த அடுத்த வாரம், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பச்சை டிக் வந்தது. பார்த்துவிட்டுக் காபி குடித்தேன். பத்தரை மணிக்கு அப்பாவின் எதிர்வீட்டு மாமி ஆபீசுக்குப் போன் செய்தார்.

"உங்காத்து வாசல்ல பால் பை அப்படியே தொங்கறது. பெல் அடிச்சா அப்பா தொறக்கலை. நீ கொஞ்சம் வாயேன்."

ஆட்டோவில் போகும்போது ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். பச்சைதான்.

பூட்டை உடைத்துப் போனபோது குளியலறையில் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலமே விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு முறிந்திருந்தது. போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கேட்டார். "ஏழு மணிக்கு நீ போனைப் பாப்பே, பச்சை இல்லேன்னதும் ஓடி வந்துடுவேன்னு நெனச்சிண்டு கெடந்தேன். பாக்கலியா?"

"பாத்தேம்பா. நலம்னு வந்தது."

"நான் ஒண்ணும் சொல்லலையேடி."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே ஆபீசில் கேள்வியைத் திரும்ப வைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். அபூர்வமாக நடப்பதை எட்ஜ் கேஸ் என்போம். அப்பாவை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் ஆப் ஊரெல்லாம் போய்விட்டிருந்தது.

நாளை காலை ஏழு மணிக்கும் எல்லோருக்கும் பச்சை டிக் போகும். பார்த்துவிட்டுக் காபி குடிப்பார்கள்.